இருபது வெள்ளிக்கு இரண்டு டெராபைட்

அண்ணே, கைப்பேசியில் நீங்கள் காட்டிய அந்த 2 டெராபைட் பென்டிரைவ் இருக்கிறதே, 20 வெள்ளி என்று போட்டிருப்பது, அதை வாங்காதீர்கள். தே தாரிக் வரட்டும், ஏன் என்று சொல்கிறேன்.

2017-இல் கிங்ஸ்டன் நிறுவனம் 2 டெராபைட் பென்டிரைவை அறிவித்தபோது அதுவே பெரிய செய்தி. கட்டைவிரலைவிடத் தடித்த உலோகக் கட்டி அது. இன்றைக்கும் பெயருள்ள நிறுவனத்தின் 1 டெராபைட் குச்சி வேண்டுமென்றால் சில நூறு வெள்ளி ஆகும். உள்ளே இருக்கும் நினைவகச் சில்லுக்கு ஓர் அடக்கவிலை உண்டு. செனாய் தொழிற்பேட்டையில் மின்னணுப் பலகைகளோடு மல்லுக்கட்டும் நம் பிள்ளைகளைக் கேட்டாலே சொல்வார்கள், 20 வெள்ளிக்கு அது கட்டாது.

பிறகு எப்படிக் கணினியில் செருகினால் 2 டெராபைட் என்றே காட்டுகிறது? பென்டிரைவுக்குள் முக்கியமாக இரண்டு சில்லுகள். ஒன்று தகவலைப் பிடித்து வைப்பது. மற்றது கட்டுப்பாட்டுச் சில்லு. எது எங்கே போகிறது என்று கணக்கு வைப்பது. தோட்டத்து ஸ்டோரும் கிராணியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினி ஸ்டோரைத் திறந்து பார்ப்பதில்லை, கிராணி சொல்லும் கணக்கைத்தான் நம்புகிறது. போலிக்காரர்கள் 16 ஜிபியோ 32 ஜிபியோ உள்ள சில்லை வைத்துவிட்டு, 2 டெராபைட் என்று சொல்லும்படி கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

கொடுமை அதற்குப் பிறகுதான். இடம் தீர்ந்ததும் அது 'இடமில்லை' என்று சொல்லாது. பழையதன் மேலேயே புதியதை எழுதும், அல்லது வாங்கி வாங்கிக் கீழே போட்டுவிட்டு 'ஆயிற்று' என்று சொல்லும். கோப்புகளின் பெயர்ப்பட்டியல் பெரும்பாலும் குச்சியின் ஆரம்பத்திலேயே இருப்பதால் பெயர் தெரியும், அளவும் தெரியும், திறந்தால் திறக்காது. கும்பாபிஷேக வீடியோவை ஏற்றியாயிற்று என்று நம்பி கேமராவில் அழித்துவிட்டால், போனது போனதுதான்.

அந்தக் கட்டுப்பாட்டு வேலையை ஒரே சில்லுக்குள் அடக்கியவர் நம் மலேசிய நாட்டுக்காரர், அது தெரியுமா? சிகிஞ்சானில் பிறந்த புவா கெய்ன் செங். தைவானில் படித்தவர், 2000-இல் அங்கேயே நண்பர்களோடு ஃபைசன் நிறுவனத்தைத் தொடங்கினார். 'பென்டிரைவின் தந்தை' என்று நம் பத்திரிகைகள் எழுதும். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் அதே 2000-இல் ஜெர்மனியின் ஹனோவர் கண்காட்சியில் 'தம்ப்டிரைவ்' என்ற பெயரில் பென்டிரைவைக் காட்டியது. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸும் உரிமை கொண்டாடியது. யார் முதல் என்பது எப்படியும் இருக்கட்டும், நெல் விளையும் ஒரு சின்ன ஊரிலிருந்து போய் இதைச் செய்தவர் புவா என்பதில் எனக்குப் பெருமைதான்.

சரி, எதை வாங்குவது? கோயில் கணக்கு, கூட்டக் குறிப்பு, படங்கள் இவ்வளவுதானே உங்களுக்கு. 64 ஜிபி தாராளம். கிங்ஸ்டன், சான்டிஸ்க், சாம்சங் இவற்றில் எது மலிவோ அது. இணையத்தில் வாங்குவதானால் அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கடையிலேயே வாங்குங்கள். பெயரைப் போலியாக அச்சடிப்பதும் நடக்கிறது. உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். செருகினால் 59 ஜிபி சொச்சமோ இன்னும் சற்றுக் குறைவாகவோ காட்டும், பயப்படாதீர்கள். நிறுவனம் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது.

வேகத்தில் ஏமாற வேண்டாம். யுஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 எல்லாம் நொடிக்கு ஒரே 5 ஜிகாபிட்தான், பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது படிக்கும் வேகம். எழுதும் வேகத்தைப் பல மலிவுக் குச்சிகள் போடுவதே இல்லை.

வாங்கிய அன்றே ஒரு வேலை செய்யுங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஓர் இலவச மென்பொருள், ஜெர்மன் கணினி இதழ் ஒன்றிலிருந்து வந்தது. குச்சி காலியாக இருக்கும்போதே அதை ஓட்டுங்கள். 1 ஜிபி கோப்புகளாக எழுதி எழுதிக் குச்சியை நிரப்பும், பிறகு ஒவ்வொன்றையும் திரும்பப் படித்து ஒப்பிடும். நொடிக்கு 20 எம்பி எழுதும் குச்சியென்றால் 64 ஜிபி நிரம்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஓடட்டும், நீங்கள் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 என்று ஒன்று உண்டு.

4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறவில்லை என்றால் குச்சி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஃபேட்32 அமைப்பில் ஒரு கோப்பு அதற்குமேல் போகாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஆகையால் முதலிலேயே செய்யுங்கள். பழைய கார் ரேடியோவில் பாட்டுக் கேட்கிற குச்சியை மட்டும் ஃபேட்32-இலேயே விட்டுவிடுங்கள்.

எவ்வளவு நல்ல குச்சியானாலும் அதை மட்டும் நம்பிக் கோயில் கணக்கை வைக்காதீர்கள், அண்ணே. தகவல் நிற்பது மின்னேற்றத்தில். வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அது மெல்லக் கசியும், வெயிலில் நிற்கும் காருக்குள் இன்னும் சீக்கிரம். கணினியில் ஒரு நகல், குச்சியில் ஒரு நகல்.

ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சோதனையில் தோற்றால் அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொண்டு கடைக்காரரிடம் பணத்தைக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. வழக்கறிஞர் வேண்டாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான்.