முப்பதுக்குள் பழுத்தாக வேண்டும்

நவம்பர் மாதத்தில் நியூயார்க்கின் ஒத்திகைக் கூடங்களில் ஏதாவது ஒன்றுக்குப் போனால், தாழ்வாரத்துச் சுவரோரம் ஓபெராவின் அடுத்த தலைமுறை வரிசையாக உட்கார்ந்திருக்கும். கனத்த குளிர்கோட்டுக்கு உள்ளே விருந்துக்குப் போகிற உடை. ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொன்றில் வளையக் கோப்பு. அதில் ஐந்து ஆரியாக்கள், அதாவது ஓபெராத் தனிப்பாடல்கள். குறைந்தது மூன்று மொழிகளிலாவது இருக்க வேண்டும். முன்பின் பார்த்திராத பியானோக்காரர் வேகமாகப் புரட்டும்போது தாள் சிக்கிக்கொள்ளாதபடி இருபுறமும் நகலெடுத்து, ஓரத்தில் ஒட்டுச்சீட்டு வைத்திருப்பார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று நான்கு பேர். முதல் பாட்டு பாடுகிறவர் இஷ்டம், இரண்டாவது கேட்கிறவர்கள் இஷ்டம். பல சமயம் இரண்டாவதைக் கேட்கவே மாட்டார்கள். “நன்றி” என்பார்கள். எல்லாம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

‘யங் ஆர்ட்டிஸ்ட் புரோகிராம்’ எனப்படும் இளம் பாடகர் பயிற்சித் திட்டங்களுக்கான ஆள்தேர்வு இது. இசைக் கல்லூரியில் முதுகலை முடித்தவருக்கும் மேடைச் சம்பளத்துக்கும் நடுவே இன்று இருக்கிற ஒரே பாலம் ஏறக்குறைய இதுதான். விண்ணப்பத்துக்குக் கட்டணம், பியானோக்காரருக்குத் தனிக் காசு, விமான டிக்கெட், தங்குகிற செலவு என்று சேர்த்தால் வேலை கிடைப்பதற்கு முன்பே கடன் ஏறிவிடும். அந்தக் கணக்கைத் தனியாக ஒரு கட்டுரையில்தான் பேச வேண்டும். எனக்கு உறுத்துவது, விண்ணப்பத்தில் பிறந்த தேதிக்காக விட்டிருக்கும் கட்டம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 1957-ல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் சாண்டா ஃபே ஓபெரா தொடங்கியபோதே, இளம் பாடகர்களைத் தொழில் பழகுநர்களாகச் சேர்த்துக்கொண்டது. அதே 1957-ல் சான் பிரான்சிஸ்கோவில் மெரோலா திட்டம் பிறந்தது. அந்த நகரின் ஓபெராவை நிறுவி, 1953-ல் திறந்தவெளிக் கச்சேரி ஒன்றை நடத்திக்கொண்டிருக்கும்போதே உயிர்விட்ட இசை நடத்துநர் கயெட்டானோ மெரோலாவின் பெயர் அதற்கு. அதற்கு முன் ஓர் அமெரிக்கப் பாடகருக்கு மேடைப் பழக்கம் வேண்டுமென்றால் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போவதுதான் வழக்கம். பிறகு சிகாகோ, ஹூஸ்டன், லண்டன், சூரிச், மியூனிக் என்று பெரிய அரங்கங்கள் இருக்கும் ஊர்களிலெல்லாம் இப்படி ஒன்று முளைத்துவிட்டது.

சாண்டா ஃபேயில் பழகுநரின் கோடையைப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய ஏழாயிரம் அடி மேலே, பக்கச் சுவர்கள் இல்லாத அரங்கம். தொண்டையை உலர்த்தும் காற்று. பகலில் ஒத்திகை, இரவில் கோரஸ். நடுவில் பயிற்றுநரோடு ஒரு மணி நேரம்: அவர் ஆர்கெஸ்ட்ரா முழுவதையும் பியானோவில் வாசித்துக்கொண்டே மற்ற பாத்திரங்களின் வரிகளைக் கரகரத்த குரலில் பாடுவார், இத்தாலிய இரட்டை மெய்யை ஒற்றையாக உச்சரித்தால் அங்கேயே நிறுத்துவார். இதற்கு மேல் ‘கவர்’ வேலை: முக்கியப் பாத்திரம் ஒன்றை முழுவதும் மனப்பாடம் செய்து, அதைப் பாடுகிறவருக்கு உடம்புக்கு வந்தால் ஏறத் தயாராகக் காத்திருப்பது. பெரும்பாலும் யாருக்கும் உடம்புக்கு வராது. ஆகஸ்டில் பழகுநர்களே தனியாகச் சில காட்சிகளை நடித்துக் காட்டுவார்கள். ஏஜென்ட்கள் வந்து உட்காருவது அன்றைக்குத்தான்.

அனுபவசாலிகள் ஒத்திகையில் ‘மார்க்’ செய்வார்கள், அதாவது பாதிக் குரலில் பாடி, உச்ச சுரங்களை ஒரு ஸ்தாயி கீழே இறக்கித் தொட்டுவிட்டுப் போவார்கள். தொண்டையைச் சேமிக்கும் வழி அது. பயிற்சியில் இருக்கிறவர் அதைச் செய்யத் துணிவதில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் நடத்துநர் அடுத்த வருடம் வாய்ப்புத் தரக்கூடியவர் ஆயிற்றே. காலையில் முழுக் குரல், மாலையிலும் முழுக் குரல்.

இருபத்தைந்து வயதில் இதைத் தாங்குகிற குரல் எது? மெலிந்த, சுறுசுறுப்பான, சீக்கிரம் பதத்துக்கு வந்துவிடுகிற குரல். மொசார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ நான்காம் அங்கத்தில் தொலைந்த குண்டூசியைத் தேடி பார்பரீனா பாடுகிற இரண்டு நிமிடப் பாட்டுக்கு அந்தக் குரல்தான் வேண்டும். பயிற்சிக்காரர்களுக்குக் கிடைக்கிற வேடங்களும் இந்த அளவில்தான்: வேலைக்காரி, தூதன், ‘மாயப் புல்லாங்குழலின்’ மூன்று சீமாட்டிகளில் ஒருத்தி. ஆகவே ஆள் எடுக்கும்போது இவற்றுக்குப் பொருந்துகிறவரையே எடுக்கிறார்கள். சிறு வேடத்துக்கு வெளியாளை அழைத்தால் ஆகும் செலவை நினைத்தால், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

பெரிய குரல் அப்படி வளர்வதில்லை. ஓபெராவில் மைக் கிடையாது. வாக்னரின் ‘ரிங்’ ஓபெரா வரிசைக்கு ஆர்கெஸ்ட்ரா குழியில் நூறு பேர்வரை வாசிப்பார்கள். கொம்பு வாத்தியம் மட்டும் எட்டு. அந்த ஓசைச் சுவரை வெறும் பலத்தால் உடைக்க முடியாது. ஆர்கெஸ்ட்ராவின் சக்தி பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸை ஒட்டிக் குவிந்திருக்கிறது. தேர்ந்த பாடகர், குறிப்பாக ஆண் பாடகர், தன் குரலுக்கு 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கூர்மையை ஏற்றி, ஆர்கெஸ்ட்ரா மெலிந்திருக்கும் அந்த இடைவெளி வழியே வெளியே வருகிறார். இதைக் கனத்த குரலில், கழுத்தை இறுக்காமல் சாதிக்க வருடங்கள் பிடிக்கும். குரல்வளையின் குருத்தெலும்புகளே இருபதுகளிலும் முப்பதுகளிலும் கெட்டிப்பட்டுக்கொண்டு இருப்பவை. இருபத்தாறு வயதில் இப்படிப்பட்ட குரலைக் கேட்டால் முரடாக இருக்கும், சில இடங்களில் சுருதி தொங்கும், மெதுவாகப் பாடச் சொன்னால் ஆடும். “இன்னும் தயாராகவில்லை” என்று குறித்துவைப்பார்கள். தயாராகி வரும்போது வயது முப்பத்து மூன்று. பல திட்டங்களின் வயது வரம்பு முப்பதை ஒட்டியே நின்றுவிடுகிறது; எழுதி வைக்காத இடங்களிலும் கண்ணால் அளந்துவிடுகிறார்கள்.

தாமதமாகப் பழுத்த பெரிய குரல்களுக்கு உதாரணம் உண்டு. கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட் 1895-ல் நார்வேயில் பிறந்தவர். பதினெட்டு வயதில் மேடையேறினார். அதன்பின் ஏறக்குறைய இருபது வருடம் ஸ்காண்டிநேவியாவுக்கு வெளியே பெயர் தெரியாமல் ஓபரெட்டா, மெல்லிய வேடங்கள் என்று கிடைத்ததையெல்லாம் பாடிக்கொண்டிருந்தார். வாக்னரின் கனத்த நாயகி இசோல்டே வேடத்தை முதன்முதலாக ஏற்றது 1932-ல். 1935 பிப்ரவரியில் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபெரா மேடையில் ‘ரிங்’ வரிசையின் சீக்லிண்டேயாக வந்து நின்றபோது வயது முப்பத்தொன்பது. அன்றைய வானொலி ஒலிபரப்போடு உலகப் புகழ். ஸ்வீடனின் பிர்கிட் நில்சன் அதே மேடைக்கு 1959-ல் இசோல்டேயாக வந்தபோது நாற்பத்தொன்று. இருவரையும் இருபத்தெட்டாவது வயதில் அந்த நவம்பர் தாழ்வாரத்தில் உட்கார வைத்துப் பார்க்கிறேன். இரண்டாவது பாட்டைக் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

அவர்களை வளர்த்தது வாராவாரம் ஏதாவது ஒரு வேடம் தந்த உள்ளூர் அரங்கம். அதன் மிச்சம் இன்று ஜெர்மனியில் இருக்கிறது. அங்கே எண்பதுக்கும் மேற்பட்ட ஓபெரா மேடைகள், பெரும்பாலும் அரசு, நகராட்சிப் பணத்தில் நடப்பவை. அரங்கத்தின் நிலையான குழுவில் சேர்க்கும் ‘ஃபெஸ்ட்’ ஒப்பந்தத்தில் சேர்ந்தால் மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு; குரலின் வகை பார்த்து வேடம். கனத்த குரல்காரர் இரண்டு சீசன் சின்ன வேடங்களில் ஓட்டிவிட்டு மெல்ல மேலே ஏறலாம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்ற கடிதம் அக்டோபர் 31-க்குள் வந்துவிடுமோ என்ற பயம் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் உண்டு. ஆனாலும் அது வருடக் கணக்கில் கிடைக்கிற அவகாசம்.

பயிற்சித் திட்டங்கள் பெரிய குரல்களை விலக்கிவிடுகின்றன என்பதை அவற்றை நடத்துகிறவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. பெரிய குரல் எங்கிருந்தாலும் காதில் விழுந்துவிடும், வயது வரம்பு வைக்காவிட்டால் இளையவர்களுக்கு இடமே இருக்காது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நிராகரிக்கப்பட்ட குரல் சும்மா இருப்பதில்லை. அடுத்த நவம்பருக்குள் இளமையாக ஒலிக்க வேண்டும் என்று தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. அல்லது சிறிய அரங்கம் ஏதோ ஒன்று அகப்பட்ட கனத்த வேடத்தைத் தலையில் கட்ட, ஐந்து வருடத்தில் நடுங்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டுக்கும் தப்பியவர்கள் பள்ளிக்கூட இசை ஆசிரியர்களாகவும் தேவாலயக் கோரஸிலும் இருக்கிறார்கள்.

இதன் விளைவு வாக்னர் சீசனில் தெரிகிறது. நிகழ்ச்சி நாளன்று காலை இசோல்டேவுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தால், ‘கவர்’ வைத்துக்கொள்ள வசதியில்லாத அரங்கம் ஏஜென்ட்களுக்குப் போன் போடும். எந்த நாட்டு அரங்கம் கேட்டாலும் சுற்றிச் சுற்றி வருவது அதே சில பெயர்கள்தாம். ஒருவர் மதிய விமானத்தைப் பிடித்து வந்து, ஒத்திகை பார்க்க நேரமில்லாததால் மேடை ஓரத்தில் இசைத்தாள் தாங்கிக்கு முன் நின்று பாடுவார். நடிப்பு மட்டும் துணை இயக்குநரோ காய்ச்சல்காரரோ பார்த்துக்கொள்வார்கள். அப்படிப் பறந்து வருகிறவர்களில் பலருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.