ஒட்டுப்பாலின் நாற்றமும் இரப்பரை அறுக்கும் நொதிகளும்

கோப்பெங் வட்டாரத் தோட்டப்புறங்களில் வளர்ந்தோர்க்கு ஒட்டுப்பாலின் நாற்றத்தை விளக்க வேண்டியதில்லை. மங்கிலும் வெட்டுப்பட்டையிலும் உறைந்த பாலைச் சாக்கில் கட்டி வைத்தால் சில நாள்களில் நாறத் தொடங்கும். இரப்பர் அழுகுகிறது என்றே சொல்லிப் பழகியுள்ளோம். உண்மையில் அழுகுவது இரப்பரன்று. பாலில் கலந்துள்ள புரதத்தையும் சர்க்கரையையுமே பாக்டீரியாக்கள் உண்கின்றன. இரப்பர் பெரும்பாலும் தீண்டப்படாமலே ஆலைக்குச் செல்கிறது.

காரணம் அதன் அளவு. ஐந்து கரிம அணுக்கள் கொண்ட ஐசோப்பிரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நெடுஞ்சங்கிலியே இரப்பர். அது நீரில் கரையாது. பாக்டீரியாவின் உயிரணுவுக்குள் நுழையவும் இயலாது. ஆகவே அதனை உண்ண வேண்டிய நுண்ணுயிர், அறுக்கும் கருவியைத் தன் உடலுக்கு வெளியே அனுப்பியாக வேண்டும். அக்கருவியே நொதி.

நுண்ணுயிர்கள் இரப்பரைச் சிதைப்பதைச் சோங்கனும் ஃபோலும் 1914ஆம் ஆண்டிலேயே எழுதினர். இன்று நன்கறியப்பட்ட நொதிகளுள் ஒன்று, ஸ்டிரெப்டோமைசிஸ் வகைப் பாக்டீரியாக்கள் சுரக்கும் எல்சிபி. இரப்பர்ப்பால் கலந்த வெண்ணிற அகார்த் தட்டில் இவற்றை வளர்த்தால், வளர்ந்த திட்டைச் சுற்றிப் பால்நிறம் மறைந்து தெளிந்த வளையம் தோன்றும். மற்றொன்று, முன்னர்ச் சாந்தோமோனாஸ் எனப்பட்ட 35ஒய் பாக்டீரியாவின் ராக்ஸ்ஏ. இரண்டிலும் இரும்பணு தாங்கிய ஹீம் உள்ளது. நம் குருதியின் சிவப்புக்குக் காரணமான அதே வகைப்பொருள். சங்கிலியின் இரட்டைப் பிணைப்பில் இந்நொதிகள் காற்றின் ஆக்சிசனைப் புகுத்தி அதனைத் துண்டிக்கின்றன. ராக்ஸ்ஏ பெரும்பாலும் பதினைந்து கரிம அணுத் துண்டுகளாகவே நறுக்கும். எல்சிபி தரும் துண்டுகள் பல நீளத்தின. சிறு துண்டுகள் உயிரணுவுக்குள் சென்று உணவாகின்றன. 'நொதி' என்னும் சொல் நொதித்தலிலிருந்து வந்ததால், மாவு புளிப்பதை மாணவர் நினைத்துக்கொள்வர். இங்கு நிகழ்வது புளிப்பன்று. ஆக்சிசன் இன்றேல் இவ்வெட்டே இல்லை.

நம் நாட்டிலும் இத்தகைய பாக்டீரியா உண்டு. பினாங்கில் பிரித்தெடுக்கப்பட்ட ஸ்டிரெப்டோமைசிஸ் சிஎஃப்எம்ஆர் 7இன் முழு மரபணுத்தொகுதி 2015இல் வெளியிடப்பட்டது.

இதனால் இரப்பர்க் கையுறை 'இயற்கைப் பொருள், தானே மக்கிவிடும்' என்று வகுப்பில் கூறிவிடலாமா? தயக்கம் தேவை. கந்தகமிட்டுப் பதப்படுத்தும்போது சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைகின்றன. நொதி பற்றுதற்குரிய இடம் குறைகிறது. காற்றால் கெடாதிருக்கச் சேர்க்கும் காப்புப்பொருள்களோ பாக்டீரியாவின் வளர்ச்சியையும் தடுக்கின்றன. அவற்றைக் கரைப்பானால் முதலில் கழுவி நீக்கிய பின்னரே, ஆய்வகத்தில் சில பாக்டீரியாக்கள் அத்தகைய இரப்பரில் நன்கு வளர்ந்தன.