முற்றத்துப் புல்லும் கிணற்று நீரும்

மட்டக்களப்பு வாவியின் இருகரைகளிலும், முற்றத்தில் புல் முளைத்திருப்பதை வீட்டாரின் சோம்பலுக்குச் சாட்சியாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. வெண்மணல் தெரியப் பெருக்கிய முற்றமே அழகு என்பது நம் தாய்மாரின் தீர்ப்பு. அதனை நாம் குறைகூற மாட்டோம். மணல் மழைநீரைத் தடையின்றி உள்ளே விடும். நமது கவலை, அம்மணலின்மீது இப்பொழுது பரவிவரும் சீமெந்தையும் இன்டர்லொக் கற்களையும் பற்றியது.

எழுவான்கரையில் வாழ்வோர் தம் இருப்பிடத்தைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிழக்கே கடல், மேற்கே உவர்நீர் வாவி, இடையே ஒடுங்கிய மணல் நிலம். அங்கே நன்னீர் கிடைப்பது எவ்வாறு? வடகீழ்ப் பருவமழை மணலினூடே இறங்கி, தன்னிலும் கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி வரை உப்புநீர் விலகி நிற்கும் என்பது நிலநீரியலார் கணக்கு. மேலே ஒரு சாண் குறைந்தாலும் கீழே இழப்பு அதன் நாற்பது மடங்கு! 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரைக் கிணறுகளை உவராக்கிற்று. மிகையாக இறைத்தால் உப்பு மேலேறும் என வல்லுநர் எச்சரித்தனர். பின்வந்த பருவமழைகளே அவ்வுவரைப் பெரிதும் கழுவின. இன்று உன்னிச்சைக் குளத்து நீர் குழாய்வழி பல இல்லங்களை எட்டுகிறது. ஆயினும் கிணற்றை மறக்கும் காலம் இன்னும் வரவில்லை. சீமெந்து மூடிய முற்றத்தின் மழையோ வீதியில் ஓடி, வாவியில் கலந்து வீணாகிறது.

புல்லின்மேல் விழும் மழைத்துளி வலிமையிழந்து, வேர்வழியே மெல்ல இறங்கும். கச்சான் வீசும் நாள்களில் சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நின்றவர், அடுத்த அடியைப் பூவரசு நிழலின் புல்லில் வைத்துப் பார்த்தால், மற்றைய பயனுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

பச்சைக் கம்பளம்போல் புல்தரை அமைத்துக் கோடையெல்லாம் நீர் பாய்ச்சுவதை நாம் பரிந்துரைக்கவில்லை. அது கிணற்றையே வற்றச் செய்யும். அறுகம்புல் போதும். கோடையில் பழுப்பேறினும் முதல் மழையில் தானே தளிர்க்கும். பாம்புக்கு அஞ்சுவோர் குட்டையாக வெட்டி வைக்கலாம். வெட்டிய புல்லையும் சருகையும் எரிக்காது தென்னையடியில் இடுக. உரத்தை அளவின்றித் தூவவும் வேண்டாம். மணல் அதனைத் தாங்காமல் கிணற்றுக்கே அனுப்பிவிடும்.

வாவிக்கரையில் வளவு உடையோருக்குப் பொறுப்பு இன்னும் பெரிது. கண்டலை வெட்டினால் காட்சி திறக்கும். பின்னர் கரையும் அரியும். அதன் வேர்களே வண்டலைத் தடுத்து, இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் புகலிடமாகின்றன. கண்டல் அழிந்த கரையில் வலை வீசுபவனுக்கு என்ன எஞ்சும்? கடற்கரைப் பக்கத்தில் மணலைப் பிணிக்கும் தொழிலை அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் கூலியின்றிச் செய்கின்றன.

ஏற்கெனவே சீமெந்து இட்டவர்கள் முழுவதையும் உடைக்க வேண்டியதில்லை. கூரைநீர் விழும் ஓரத்தில் இரண்டு முழ அகலம் திறந்துவிட்டு, புரட்டாதியில் அறுகு நட்டுச் சில நாள் நீர் தெளித்தால், ஐப்பசி மழைக்குள் வேரூன்றிவிடும். ஈரம் நிற்கும் மூலையில் வல்லாரை வைத்தால் சம்பலுக்கும் ஆகும்.