தொப்புள் காத்திருக்கும், தொடையிடுக்கு காத்திருக்காது

குளிப்பாட்டும்போதுதான் பெரும்பாலும் கண்ணில் படும். குழந்தை முக்கி அழும்போது தொடையிடுக்குக்குச் சற்று மேலே ஒரு புடைப்பு. அழுகை ஓய்ந்தால் காணவில்லை. “காசை வச்சுக் கட்டு, தானா உள்ள போயிடும்” என்ற பாட்டி வைத்தியம் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

தொப்புள் புடைப்பு பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள், காசு இல்லாமலே மூடிக்கொள்ளும். தொடையிடுக்குக் குடலிறக்கம் அப்படி மூடாது; அதற்கு அறுவை சிகிச்சை வேண்டும்.

ஆண் குழந்தையின் விரைகள் கருவில் வயிற்றுக்குள் உருவாகி, பிறகு விரைப்பைக்கு இறங்குகின்றன. கூடவே வயிற்றின் உட்சவ்வும் குழாயாக நீண்டு வரும். அந்தக் குழாய் தூர்ந்துபோக வேண்டும். தூராவிட்டால் குடல் அதற்குள் இறங்கும். வலது விரை தாமதமாக இறங்குவதால் வலப்பக்கமே அதிகம். குறைமாதக் குழந்தைகளுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். பெண் குழந்தைகளுக்குக் குறைவுதான். ஆனால் சினைப்பையே இறங்கிவிடலாம்.

குழந்தையின் தசையில் பழுதில்லை. அதனால் அறுவையின்போது பெரியவர்களுக்குத் தசையைத் தாங்க வைக்கும் வலை இங்கே வேண்டாம். மயக்கம் கொடுத்து, இடுக்கு மடிப்பில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் கீறுகிறார்கள். தூராத அந்தக் குழாய்தான் உள்ளே இருக்கும் பை; வெங்காயச் சருகு போல மெல்லியது. விந்துக்குழாயும் விரைக்குப் போகும் ரத்தக்குழாய்களும் அதன்மேல் ஒட்டிக் கிடக்கும். அவற்றை நசுக்காமல், இழுக்காமல் பிரித்தெடுப்பதில்தான் மருத்துவரின் திறமை முழுவதும் இருக்கிறது. பிறகு பையின் கழுத்தை மேலே இறுகக் கட்டி அறுத்துவிடுவார்கள், அவ்வளவுதான். குழந்தைகளுக்கு இதுவே போதும் என்று சிகாகோவின் குழந்தை அறுவை மருத்துவர் வில்லிஸ் பாட்ஸும் அவருடைய சகாக்களும் 1950இல் எழுதினார்கள். இன்று லேப்ராஸ்கோப் வழியாகவும் செய்கிறார்கள். ஆரோக்கியமான குழந்தை பெரும்பாலும் அன்றே வீடு திரும்பும். குறைமாதத்தில் பிறந்த சிசுவை மூச்சு நின்றுவிடாமல் கண்காணிக்க இரவு தங்க வைப்பதுண்டு.

கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர்கள் இருக்கிறார்கள். அரசு கிளினிக்கில் காட்டிக் கடிதம் வாங்கலாம். டாக்டர் முன்னால் புடைப்பு ஒளிந்துகொள்ளும் என்பதால், தெரியும்போதே கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள்.

புடைப்பு கல்லாக இறுகி, உள்ளே போகாமல், குழந்தை வாந்தி எடுத்து வீறிட்டால் குடலும் விரையும் ரத்தமின்றி அழுகும் ஆபத்து. முதல் வயதில்தான் இது அதிகம். அப்போது நிபுணர் கொடுத்த தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். கிள்ளான்வாசிகள் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டுபோக வேண்டும். வழியில் பால் கொடுக்கக் கூடாது. உடனடியாக மயக்கம் கொடுக்க வேண்டி வரலாம்.