கரகத்தில் தெரிவது யார்?

காஞ்சிப் பக்கம் பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்லும் பௌத்த அறிஞர் திக்நாகர், பெயரும் இனமும் கலக்காத காட்சியே காட்சி என்றார். மற்றதெல்லாம் மனம் சேர்ப்பது. அவர் போட்ட இந்தக் கோடு நிற்குமா என்று பார்க்கப் பெங்களூரு கரகத் திருவிழாவைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

சைத்ர மாதப் பௌர்ணமி இரவு. திகளரபேட்டை தர்மராய சுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படுகிறது. சுமப்பவர் ஆண். உடுத்தியிருப்பது பெண்ணின் உடை. கழுத்தில் தாலி, கையில் வளையல். தலையில் மல்லிகையால் கூம்பாக உயர்ந்து நிற்கும் கரகம். அதைக் கையால் தொடுவதில்லை. உருவிய வாள்களோடு வீரகுமாரர்கள் சூழ்ந்து வர, இருபுறமும் 'கோவிந்தா' முழக்கம். மாடிகளிலிருந்து மல்லிகை கொட்டுகிறது.

முதன்முறை வந்தவர் பார்ப்பது இவ்வளவுதான். பக்கத்தில் நிற்கும் திகளர் சமூகத்துப் பாட்டிக்கோ திரௌபதி வருகிறாள். 'திரௌபதி மாதிரி' யாரோ வரவில்லை, அவளே வருகிறாள். பாண்டவர்களோடு சொர்க்கம் போகும் வழியில் பின்தங்கியவளைத் திமிராசுரன் தாக்க, அவள் சக்தியாகி வீரகுமாரர்களைப் படைத்தாள். போகாதே என்று அவர்கள் கெஞ்சியதால் ஆண்டுதோறும் வருவதாக வாக்குக் கொடுத்தாள். இந்தக் கதை தெரிந்த கண்ணுக்கு வாள் வெறும் வாளாகத் தெரியாது. செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் தீமிதி பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திகளர்களும் தமிழ்நிலத்திலிருந்து போய் அங்கே தோட்டப் பயிர் செய்தவர்கள்தாம்.

அப்படியானால் பாட்டி பார்ப்பது காட்சியா, கற்பனையா? கற்பனை என்பார் திக்நாகர். மீமாம்சைத் தத்துவ அறிஞர் குமாரிலபட்டர் ஒப்பமாட்டார். கண் பொருளை விட்டு விலகாதவரை, 'இது இன்னது' என்று அறிவதும் காட்சியே என்பது மீமாம்சகர் வாதம். நான் குமாரிலர் பக்கம். கற்றது கண்ணுக்குப் பின்னால் காத்திருந்து பிறகு ஒட்டிக்கொள்வதில்லை; பார்ப்பதையே மாற்றிவிடுகிறது.

இதற்குச் சான்றும் பெங்களூருவிலேயே இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்.பி. அருணின் ஆய்வுக்கூடம் தெலுங்கு படிக்கத் தெரிந்து மலையாளம் படிக்கத் தெரியாதவர்களையும், மலையாளம் படிக்கத் தெரிந்து தெலுங்கு படிக்கத் தெரியாதவர்களையும் வைத்து ஒரு சோதனை நடத்தி, 2019-இல் வெளியிட்டது. திரையில் ஒரே மாதிரி எழுத்துகள் பல, நடுவே வேறொன்று. அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பொருள் அறியத் தேவையே இல்லை, வெறும் கண் வேலை. ஆனாலும் தமக்குத் தெரிந்த லிபியில் எழுத்துகளை அவர்கள் கூடுதலாக வேறுபடுத்திக் கண்டார்கள். இரண்டு எழுத்து சேர்ந்து நின்றபோதும் ஒன்றின் உருவம் மற்றதைக் குழப்புவது குறைந்தது. மூளையைப் படம் பிடித்தபோது, பார்வை சார்ந்த ஒரு பகுதியிலேயே இந்த மாற்றம் தெரிந்தது. படிக்கக் கற்றவருக்கு எழுத்தின் பொருள் மட்டுமல்ல, எழுத்தின் தோற்றமே வேறு. கரகம் எழுத்தைவிடப் பெரிய விஷயம். ஒரு சோதனை அதை முழுதும் விளக்கிவிடாது. ஆனால் திசை அதுதான்.

மறுபக்கமும் உண்டு, அதையே நான் முக்கியமாக நினைக்கிறேன். கதை மட்டும் போதுமானால் பாட்டி வீட்டிலேயே உட்கார்ந்து திரௌபதியை நினைத்துக்கொள்ளலாமே! ஏன் விடிய விடியத் தெருவில் நிற்கிறார்? மல்லிகை மணம் வேண்டும். சுமப்பவரின் கழுத்தில் பாரம் அசைவது கண்ணில் பட வேண்டும். காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவில் கரகம் நின்று போவதைக் காண அங்கேயும் மக்கள் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய கதை வேறு, பார்க்கும் கரகம் ஒன்று. புலன் பிடித்துக்கொள்ள ஒரு கொழுகொம்பு இல்லாவிட்டால் எந்தக் கருத்தும் ஓரிரு தலைமுறையில் வெறும் தகவலாக வற்றிவிடும்.

அந்தக் கொழுகொம்புகள் பெங்களூருவில் குறைந்துகொண்டே வருகின்றன. திகளர் தோட்டங்களுக்கு நீர் கொடுத்ததும் கரகச் சடங்குகளுக்கு உரியதுமான சம்பங்கி ஏரி இன்று கண்டீரவா விளையாட்டரங்கம். சடங்குக்கென்று ஒரு சிறு குளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஏரியும் தோட்டமும் போன நகரத்தில் இந்த ஊர்வலம் அவற்றின் நினைவை எப்படிச் சுமக்கிறது என்று ஸ்மிருதி ஸ்ரீநிவாஸ் 2001-இல் ஒரு நூலே எழுதினார். நீர் இல்லாத இடத்தில் நீரை நினைக்க இன்றைய முதியவர்களால் முடியும். அவர்கள் ஏரியைக் கண்டவர்களிடம் கேட்டவர்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் குளம்தான் சாட்சி. பெங்களூருவில் இருக்கும் வாசகர்கள் அடுத்த கரகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அதற்கு முன் ஒரு பகலில் அந்தக் குளத்தையும் காட்டுங்கள். அதைக் காப்பது மாநகராட்சியின் கடமை. கேட்டு வாங்குவது நம் கடமை.