லாட் நம்பர் எங்கே தொலையுது?

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் பெரும்பாலும் ஒரே கூரைக்குக் கீழே முடிவதில்லை. ஆர்டர் எடுப்பது எக்ஸ்போர்ட் கம்பெனி. நூல் மில்லில் இருந்து நிட்டிங்குக்குப் போகும், பிறகு சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங். இதில் பல வேலைகள் வெளியே ஜாப் ஒர்க். துணி போகும் இடமெல்லாம் கூடவே ஒரு டெலிவரி சலான் போகும்: எடை, டயா, ஜிஎஸ்எம், கலர், லாட் நம்பர்.

இந்த லாட் நம்பரில்தான் சிக்கல். மில்லுக்கு ஒரு லாட், நிட்டிங்காரருக்கு அவர் சலான் நம்பர், சாயப்பட்டறைக்கு அவங்க பேட்ச் நம்பர். ரெண்டு நூல் லாட் ஒரே சாய பேட்ச்சில் சேர்ந்துவிடலாம் (ஷேடு மாறும்னு யாரும் விரும்ப மாட்டாங்க, ஷிப்மென்ட் தேதி நெருங்கினா நடக்கும்). ஒரு பேட்ச் ரெண்டு ஆர்டருக்குப் பிரியலாம். எது எதில் போச்சு என்பது சூப்பர்வைசர் நினைவிலும் வாட்ஸ்அப் போட்டோவிலும்தான் இருக்கு.

இதனால் என்ன நஷ்டம்? நொய்யல் மாசுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகுதான் கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறைக்கு ஊர் பெரும் பணம் போட்டு மாறியது. இன்றைக்கு திருப்பூர் பையரிடம் சொல்லிக்கொள்ளக்கூடிய நல்ல விஷயமே அதுதான். ஆனால் அந்தத் தண்ணீர்க் கணக்கு சுத்திகரிப்பு நிலையத்தோட நின்னுபோகுது. ‘இந்தச் சட்டைக்குச் சாயம் போட்டது அங்கேதான்’ என்று காட்ட பேட்ச் நம்பர் சட்டை வரை வந்திருக்கணும்.

ஐரோப்பிய ஒன்றியம் கேட்கப்போவது இதைத்தான். 2024 ஜூலை 18-ல் அமலுக்கு வந்த அவர்களுடைய எக்கோடிசைன் சட்டம், பொருட்களுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கொண்டுவருகிறது. 2025 ஏப்ரலில் வெளியான முன்னுரிமைப் பட்டியலில் ஜவுளியும் இருக்கு. சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு: தகவல் திறந்த தரநிலையில் இருக்கணும், ஒரே சாஃப்ட்வேர் கம்பெனியிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது.

அப்படி ஒரு தரநிலை ஏற்கெனவே இருக்கு. ஜிஎஸ்1 அமைப்பின் இபிசிஐஎஸ். எந்தச் சரக்கு, எப்போது, எங்கே, எதற்காக என்று ஒவ்வொரு நிகழ்வையும் பதியும். ‘இந்த ரெண்டு நூல் லாட் போய் இந்தத் துணி ரோல்கள் வந்தன’ என்பதற்கும் அதில் தனி நிகழ்வு வகை உண்டு. ‘எங்கே’ என்பதற்கு ஓப்பன் சப்ளை ஹப் ஒவ்வொரு ஆலைக்கும் இலவச அடையாள எண் தருகிறது.

ஜாப் ஒர்க்காரருக்கு ஒரு பயம் வரும்: தகவல் திறந்துட்டா பையர் நேரா நம்ம ஆள்கிட்ட போயிடுவானே? இங்கே திறந்திருப்பது படிவம்தான், உள்ளே எழுதியது இல்லை. ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் மாதிரி. 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்தது, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு இறங்கியது. படிவம் எல்லோருக்கும் தெரியும், எந்த சாஃப்ட்வேரும் போடும். உங்க பில் பக்கத்துக் கம்பெனிக்குத் தெரியாது.

பயப்பட வேண்டியது வேறு: பொதுப் படிவம் இல்லாமல் ஒவ்வொரு பையரும் தனி போர்ட்டல் வைத்தால், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பட்டறை அதே விவரத்தை மூணு தடவை டைப் பண்ணும். அதுக்குக் கூலி யாரும் தரமாட்டாங்க.

கம்ப்யூட்டர் வாங்கும் முன்பே ஒரு வேலையைத் தொடங்கலாம். சலானில் இன்னொரு கட்டம்: ‘வந்த லாட் நம்பர்’. நம்ம நம்பருக்குப் பக்கத்திலேயே.