மூன்று மொழி பேசும் கல்



கொழும்புக் கறுவாத்தோட்டத்திலுள்ள தேசிய நூதனசாலை 1877ஆம் ஆண்டு சனவரி முதலாம் திகதி திறக்கப்பட்டது. ஆளுநர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் உருவான அந்த வெண்ணிறக் கட்டடத்தைக் கட்டியெழுப்பியவர் வாப்பிச்சி மரிக்கார்.

அங்கு செல்வோரிற் பலர் முதலில் தேடுவது கண்டி மன்னரின் சிம்மாசனத்தையே. 1815இல் கண்டி வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1934இல் நாடு திரும்பிய அரும்பொருள் அது. அடுத்து, பொலனறுவையிற் கிடைத்த நடராசர், காரைக்காலம்மையார் முதலிய செப்புத் திருமேனிகள் நம்மை நிறுத்திவிடும். ஆனால், தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் தவறவிடக் கூடாத ஒரு கல் அங்கே உண்டு. அதுவே காலி மும்மொழிக் கல்வெட்டு.

1911இல் காலி நகரில் ஒரு மதகை மூடியிருந்த பலகைக் கல்லாக இது கண்டெடுக்கப்பட்டது. எழுத்துள்ள முகம் கீழ்நோக்கிக் கிடந்தது. தன் மேல் நடந்து சென்றவர்களுக்குத் தன்னை யாரென்று காட்டாமலே கிடந்த கல் அது!

1409ஆம் ஆண்டுக்குரிய இச்சாசனத்தைச் சீனப் பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கைக்குக் கொண்டுவந்தார். சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அது வெட்டப்பட்டுள்ளது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையிற் கோயில்கொண்ட தெனவரை நாயனாராகிய திருமாலை வணங்குகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்து நிற்கிறது. வணங்கப்படுவோர் வேறு, ஆனால், பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என நீளும் காணிக்கைப் பட்டியலோ ஏறத்தாழ ஒன்றே.

தமிழ் ஏன் இடம்பெற்றது? அக்காலத்தில் இந்துமா கடற் துறைமுகங்களில் வணிகர் வழங்கிய மொழிகளுள் தமிழும் ஒன்று. தொலைவிலிருந்து வந்த பேரரசின் தூதரும் அதனை மதிக்க வேண்டியிருந்தது.

எனினும், இக்கல்லை வெறும் நல்லிணக்கச் சின்னமாக மட்டும் கொள்வது முழு உண்மையாகாது. காணிக்கையோடு வந்த அதே கடற்படை, அதே பயணத்தில் இலங்கை ஆட்சியாளன் ஒருவனைப் போரிட்டுச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றது. கல்வெட்டிற் புகழப்பட்ட தெனவரைக் கோயிலும் 1588இல் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டது. கொடுத்த பொன்னும் வெள்ளியும் இன்றில்லை. கொடுத்ததைச் சொன்ன சொற்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அவற்றிலும் பாரசீகப் பகுதி பெரிதும் தேய்ந்துவிட்டது.

நூதனசாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, சிம்மாசனத்தைக் காட்டிவிட்டு உடனே திரும்பிவிடாதீர்கள். இக்கல்லின் முன் சிறிது நேரம் நில்லுங்கள். பழைய சாசனங்களில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இராது என்பதை முதலில் சொல்லிக்கொடுங்கள். பின்பு, தெரிந்த எழுத்து எதுவென்று தேடச் சொல்லுங்கள். அறுநூறு ஆண்டுகளுக்கு முந்திய எழுத்தில் ஒன்றிரண்டையேனும் தானே இனங்கண்ட பிள்ளை, அடுத்த முறை நம்மை அழைத்துச் செல்லும்.